கடனா, சில்லறையா?



சென்ற மாதம் ஒரு மாலை, இரண்டாம் வகுப்பில் படிக்கும் என் பேரன் கணக்கு நோட்டின் முன் கண்கலங்கி அமர்ந்திருந்தான். 32இலிருந்து 15ஐக் கழிக்க வேண்டும். "இரண்டில் ஐந்து போகாது; பக்கத்தில் கடன் வாங்கு" என்றேன். "எப்போது திருப்பிக் கொடுப்பது, தாத்தா?" என்று கேட்டான்.

வங்கியில் 35 ஆண்டுகள் கடன் கொடுத்து வசூலித்தவன் நான். அந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. "சொன்னதைச் செய்" என்று அதட்டினேன். நோட்டை மூடிவிட்டு அவன் எழுந்து சென்றான். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

மறுநாள் என் மனைவி தென்னை ஈர்க்குகளைச் சம அளவாக நறுக்கிப் பத்துப் பத்தாக நூலால் கட்டினாள். மூன்று கட்டுகளையும் இரண்டு தனிக் குச்சிகளையும் பேரன் முன் வைத்து, "இதில் பாட்டிக்குப் பதினைந்து கொடு" என்றாள். இரண்டு குச்சிகளைப் பார்த்துச் சற்று யோசித்தவன், தானே ஒரு கட்டை அவிழ்த்தான். தனிக் குச்சிகள் 12 ஆயின. ஐந்தைக் கொடுத்தான், மீதி ஏழு. இருந்த இரண்டு கட்டுகளில் ஒன்றையும் கொடுத்தான். கையில் 17.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அது கடன் அன்று, சில்லறை மாற்றுதல். பத்து ரூபாய்த் தாளுக்குப் பத்து நாணயங்கள் தருவதைப் போன்றது. மதிப்புக் குறையவில்லை, கட்டு மட்டுமே பிரிந்தது. திருப்பித் தர ஏதுமில்லை. குழந்தையின் கேள்வி சரியானது. என் சொல்தான் பிழை. அதை அவனிடமே ஒப்புக்கொண்டேன்.

பிறகு பரணிலிருந்த பல்லாங்குழியும் இறங்கி வந்தது. 14 குழிகள், குழிக்கு ஐந்தாக 70 புளியங்கொட்டைகள். ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் 'பசு' என்று எடுத்துக்கொள்வோம் அல்லவா? மூன்று உள்ள குழியில் இன்னும் ஒன்று விழ வேண்டுமெனக் காத்திருக்கும் குழந்தைக்குக் கூட்டல் தானே வந்துவிடுகிறது. ஆட்ட முடிவில் அவனுக்கு 38, எனக்கு 32. இரண்டையும் வரிசையாக அடுக்கினால் ஆறு அதிகம் என்பது கண்ணுக்கே தெரியும். எடுத்துவிடுவது மட்டுமன்று, ஒப்பிடுவதும் கழித்தலே.

கோயிலில் நவக்கிரகங்களை ஒன்பது முறை வலம் வரும்போது, அவன் கையில் ஒன்பது புளியங்கொட்டைகள் இருக்கும். சுற்றுக்கு ஒன்றாக என்னிடம் தருவான். "கொடுத்தது நான்கு, இருப்பது ஐந்து" என்பான். எந்தச் சுற்றிலும் இரண்டும் சேர்ந்து ஒன்பதுதான்.

பேரக்குழந்தைகளுக்குக் கணக்குச் சொல்லித் தரும் அன்பர்கள், முதலில் கையில் பொருளைக் கொடுங்கள். பின்பு வாயால் சொல்லச் செய்யுங்கள். எழுத்து கடைசியில் வரட்டும். விரல்விட்டு எண்ணினால் தடுக்க வேண்டா. வீட்டில் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தால் கொட்டைகளை எட்டாத இடத்தில் வையுங்கள்; விழுங்கினால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

நேற்று மாலை பேரன் நோட்டுடன் என் அருகில் வந்து அமர்ந்தான். "தாத்தா, ஒரு பத்துக்குச் சில்லறை மாற்றிக்கொள்ளட்டுமா?" என்றான். ஓய்வு பெற்ற பின் என் கவுன்டருக்கு வந்த முதல் வாடிக்கையாளர் அவன்தான்.