'ரெஸ்பெக்டட் சார்' வேண்டாம், எரர் மெசேஜ் போதும்

கிட்ஹப் அக்கவுண்ட் இல்லாத ஆளை இப்போ நம்ம கிளாஸ்ல தேடணும். ஆனா ஏதாவது ஒரு ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்ட்டுக்குள் போய், நாலு பேர் பார்க்க ஒரு கேள்வி கேட்டிருக்கீங்களா? அங்கதான் எல்லாரும் பதுங்குறோம்.

காரணம் தெரிஞ்சதுதான். "இதுகூடத் தெரியாதா?"ன்னு உட்கார வைக்கும் வகுப்பறைகளைத் தாண்டி வந்தவங்க நாம. அதனால ஒண்ணு, வாயே திறக்க மாட்டோம். இல்லன்னா "ரெஸ்பெக்டட் சார், ஐ யம் எ பிகினர், ப்ளீஸ் கைட் மீ"ன்னு யாருக்காவது தனியா மெயில் தட்டுவோம். இதைப் பணிவுன்னு நினைக்கிறோம். என்னைக் கேட்டால் இதில் பணிவே இல்லை. எனக்கு என்ன தெரியணும்னு யோசிக்கிற வேலையையும் எதிராளி தலையில கட்டுறோம், அவ்வளவுதான். அந்த 'சார்' ஒரு பெண்ணாக இருக்கலாம், உங்க வயசுப் பையனாகவும் இருக்கலாம். பெயர் சொல்லி எழுதினால் போதும், யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க.

1991 ஜூலை 3 அன்று, 21 வயசு ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் ஒருவர் மினிக்ஸ் நியூஸ்குரூப்பில் ஒரு கேள்வி போட்டார். மினிக்ஸில் ஒரு ப்ராஜெக்ட் செய்றேன், அதுக்கு போசிக்ஸ் விதிமுறைகள் வேணும், கம்ப்யூட்டரில் படிக்கிற மாதிரி எங்க கிடைக்கும்? அவ்வளவுதான், சில வரிகள். எதுக்கு, என்ன, எந்த வடிவில் என்ற மூன்றும் அதில் இருந்தது. ஊரறியக் கேட்டார். அவர் பெயர் லினஸ் டோர்வால்ட்ஸ். அந்த ப்ராஜெக்ட்தான் லினக்ஸ் ஆச்சு. 'என் இங்கிலீஷ் சுமார்' என்பவர்களுக்கு ஒரு தகவல்: அவருடைய தாய்மொழியும் இங்கிலீஷ் இல்லை, சுவீடிஷ்.

இலக்கணம் தப்பினால் பரவாயில்லை, தகவல் தப்பக்கூடாது. "இன்ஸ்டால் ஆகலை, ஹெல்ப்" என்று போட்டால் யாரால் என்ன சொல்ல முடியும்? இப்படி எழுதிப் பாருங்க: "உபுண்டு 22.04, பைத்தான் 3.10. ரீட்மியில் இருக்கும் மூணு கமாண்ட் ஓடிச்சு, நாலாவதில் இந்த எரர் வருது. பழைய இஷ்யூ ஒண்ணில் இதே எரரைப் பார்த்தேன், அதில் சொன்ன தீர்வு எனக்கு வேலை செய்யலை." எரரை டெக்ஸ்டாகவே ஒட்டுங்க. மொபைலில் எடுத்த போட்டோவை யாரும் காப்பி பண்ணித் தேட முடியாது. (சாட்ஜிபிடி எழுதிக் கொடுத்த ஆறு பத்தியும் வேண்டாம்.) இப்படி ஒழுங்கா எழுதி முடிக்கிறதுக்குள்ள பாதி நேரம் விடையே கிடைச்சிடும்.

இவ்வளவு மெனக்கெடணுமான்னு கேக்கலாம். பதில் சொல்றவங்கள்ல பலர் வேலை முடிஞ்சு வந்து, சம்பளம் இல்லாம இதைப் பாக்குறவங்க. 2020 ஹாக்டோபர்ஃபெஸ்ட் ஞாபகம் இருக்கா? நாலு புல் ரிக்வெஸ்ட்டுக்கு ஒரு டி-ஷர்ட்னு சொன்னதும், ரீட்மியில் ஒரு வார்த்தையை மாத்தி அனுப்பியே குவிச்சாங்க. கடைசியில், சம்மதிச்ச ப்ராஜெக்ட்கள் மட்டும்தான் கணக்கில் வரும்னு நடுவிலேயே விதியை மாத்த வேண்டியதாப் போச்சு. புதுசா வர்றவங்களைக் கண்டு அவங்க கொஞ்சம் உஷாராகிறதில் ஆச்சரியமில்லை.

அதுக்காக எல்லாத் தப்பும் புதுசா வர்றவங்க மேலதான்னு நான் சொல்ல வரலை. முகத்தில் அடிக்கிற மாதிரி பேசுற ஆட்களும் உண்டு. டோர்வால்ட்ஸே 2018-ல் தன் பேச்சுக்குப் பகிரங்கமா மன்னிப்புக் கேட்டு, கொஞ்ச நாள் ஒதுங்கி இருந்தார். ஒரு லிங்க்கை மட்டும் கொடுத்துட்டுப் போனா அது அவமானம் இல்லை, அதுதான் பதில். ஆனா ஆளையே மட்டம் தட்டினா, வேற ப்ராஜெக்ட் பாருங்க. லிப்ரேஆபிஸில் புதுசா வர்றவங்களுக்காகவே 'ஈஸி ஹேக்ஸ்'னு ஒரு பட்டியல் வெச்சிருக்காங்க. பதிலே வரலையா? ஒரு வாரம் பொறுத்து ஒரே ஒரு தடவை ஞாபகப்படுத்துங்க.

பிரச்சினை தீர்ந்ததும் ஓடிடாதீங்க. எது வேலை செஞ்சதுன்னு அதே இடத்தில் ரெண்டு வரி எழுதிடுங்க. அடுத்த வருஷம் அதே எரரை கூகுளில் போடுறது உங்க ஜூனியராகவே இருக்கலாம்.