அது யார் சாவுக்குப் பாடியது?

சேத்தூரில் என் அத்தை துட்டி வீடுகளில் ஒப்பாரி வைப்பாள். கூலிக்கு அல்ல. சொந்தக்காரி, பக்கத்துத் தெருக்காரி, கூட நாற்று நட்டவள் என்று யார் செத்தாலும் போவாள். வட்டமாக உட்கார்ந்து ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு அழும் பெண்களுக்கு நடுவே அவள் ஒப்புச் சொல்லத் தொடங்கினால், வாசலில் நிற்கும் ஆண்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

சில வருடங்களுக்கு முன் அப்படி ஒரு வீட்டில் ஓர் இளைஞர் போனை நீட்டிப் பதிவு செய்தார். பிறகு அவர் பெயரில் ஒரு கவிதைத் தொகுப்பு வந்தது. அதில் அம்மாவைப் பற்றி ஒரு கவிதை. தீபாவளிக்கு எடுத்த சேலையை உடுத்தாமல் டிரங்குப் பெட்டியிலேயே வைத்திருந்து செத்துப்போன ஒருத்தி; பிணத்தின் மேல் அதே சேலையைப் போர்த்தும்போது கடையில் மடித்த மடிப்புக்கூடக் கலையவில்லை. அத்தை ஒப்பாரியில் சொன்னது அப்படியே இருந்தது. வரிகளை ஒடித்து ஒடித்துப் போட்டது மட்டும்தான் அவர் வேலை.

நேரில் பார்த்தபோது கேட்டேன். அவர் கோபப்படவில்லை, வகுப்பெடுத்தார். நாட்டுப்புறப் பாடல் யாருக்கும் சொந்தமில்லையாம். உங்கள் அத்தையும் யாரிடமோ கேட்டதைத்தானே பாடுகிறார்? எழுதப்படுகிற எதுவுமே ஏற்கெனவே எழுதியதின் ரீமிக்ஸ்தான். ஆசிரியர் இறந்து அரை நூற்றாண்டாகிறது.

இதில் பாதியை நான் மறுக்கவில்லை. அத்தை தன் ஆத்தாளிடமிருந்து எடுத்தாள், சினிமா மெட்டிலிருந்தும் எடுத்தாள். தங்கத் தொட்டில், வெள்ளிக் கிண்ணம், மாளிகை வாசல் என்று குடிசை வீட்டுப் பிணத்துக்கும் வைக்கிற அலங்காரமெல்லாம் எல்லோருக்கும் பொது. அந்தப் பொதுச் சரக்கோடு அவள் நிறுத்துவதில்லை. துட்டி வீட்டுக்கு நடந்து போகும் வழியிலேயே விசாரிப்பாள்: கடைசியாக என்ன சாப்பிட்டாள், மகள் வந்து சேர்ந்தாளா, குழுக் கடன் எவ்வளவு பாக்கி. அங்கே போய் உட்கார்ந்ததும் அந்தச் சேதிகள் பாட்டுக்குள் வந்துவிடும். சேலை அப்படி வந்ததுதான். செத்தவள் ராஜபாளையம் மில்லில் ஷிப்டுக்குப் போனவள். போனஸ் பணத்தில் எடுத்த சேலை அது. அந்தச் சேலையை மெட்டுக்குள் கொண்டுவந்தது அத்தையின் மூளை. அதைப் பொதுச் சொத்து என்று சொல்ல முடியாது.

இன்னொன்றும் உண்டு. எங்கள் ஊர்ப் பெண்கள் எடுத்துப் பாடும்போது யாரிடமிருந்து எடுத்தோம் என்று சொல்வார்கள். ‘இது தேவதானத்துக்காரி வைக்கிற ராகம்’, ‘இது எங்க ஆத்தா சொல்லு.’ எழுத்துத் தெரியாதவர்களிடம் இந்த நாணயம் இருந்தது. புத்தகம் போட்டவரிடம் இல்லை.

சேத்தூரிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் போகிற தூரம்தான். எடுத்தாள்வது பற்றிய தமிழின் ஆகப் பெரிய வழக்கு அந்த ஊரில் இன்னும் முடியாமல் கிடக்கிறது. பெரியாழ்வார் யசோதையாகித் தாலாட்டுப் பாடினார். தொட்டிலாட்டியது, நிலாவைக் கூப்பிட்டது, சப்பாணி கொட்டச் சொன்னது எல்லாம் வீட்டுப் பெண்களின் வாயிலிருந்தவை. இலக்கிய வரலாறு அவரைப் பிள்ளைத்தமிழுக்கு முன்னோடி என்று எழுதியது. அவர் ஆசிரியர் ஆனார். அதே வீட்டில் வளர்ந்தவளாகச் சொல்லப்படும் ஆண்டாளும் அதைத்தான் செய்தாள். பெண்களின் பாவை நோன்பை எடுத்தாள், மணல் வீடு கட்டும் விளையாட்டை எடுத்தாள், கூடல் இழைத்துக் குறி பார்ப்பதை எடுத்தாள். திருப்பாவை 30, நாச்சியார் திருமொழி 143, ஆக 173 பாட்டு. அவளுக்குக் கிடைத்தது என்ன? அப்படி ஒருத்தி இருந்தாளா என்கிற சந்தேகம். ஆண்டாள் பெரியாழ்வாரின் கற்பனைதான் என்ற கருத்தை ராஜாஜியே முன்வைத்தார். அப்பா யசோதையாகிப் பாடினால் அது பாவனை, கவித்திறம். மகள் தன் உடம்பின் தாபத்தைத் தானே பாடினால் மட்டும் அவள் ஆளே இல்லை!

இதற்காகப் பெரியாழ்வாரின் தாலாட்டைக் குறைத்துச் சொல்ல மாட்டேன், நல்ல தாலாட்டு. அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச்சிந்தும் அப்படித்தான். கழுகுமலைக்குக் காவடி எடுத்து நடந்தவர்களின் கால்கள் போட்ட தாளம் அவர் கையில் இலக்கியமானது, அவர் காவடிச்சிந்தின் தந்தை ஆனார். எங்கள் சேத்தூர் ஜமீனும் கவிராயர்களை ஆதரித்துத்தான் பேர் வாங்கியது. மலையருவி என்ற நாட்டுப்பாடல் தொகுப்பு 1958இல் வந்தது. சேகரித்த பெர்சி மாக்வீன், பதிப்பித்த கி.வா.ஜ. இருவரையும் நமக்குத் தெரியும். பாடிய பெண் ஒருத்தியின் பெயரை உங்களால் சொல்ல முடியுமா? எடுத்தவர் ஆணாக இருந்தால் அது படைப்பு. கொடுத்தவள் பெண்ணாக இருந்தால் ‘மக்கள்’, ‘மரபு’, ‘வாய்மொழி’. இந்த மூன்று வார்த்தைகளும் மரியாதையாகத்தான் ஒலிக்கின்றன. ஒரு பெண்ணின் பெயரைத் தொலைக்க இவற்றைவிட வசதியான வார்த்தைகள் கிடையாது.

ஆசிரியரின் மரணம் பற்றி ரொலான் பார்த் 1967இல் எழுதினார். பால்சாக் போன்றவர்கள் பல தலைமுறையாக உட்கார்ந்திருந்த நாற்காலியைத்தான் அவர் கவிழ்த்தார். அதை நான் ரசித்துத்தான் படித்தேன். அந்த நாற்காலியில் என் அத்தை ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. உட்காராதவளை எப்படிக் கீழே தள்ளுவது? இன்னொரு வேடிக்கை: ஆசிரியர் இறந்துவிட்டார் என்று எனக்கு வகுப்பெடுத்தவர், தன் புத்தகத்தின் அட்டையில் தன் பெயரையும் பின்னட்டையில் தன் போட்டோவையும் போட்டிருந்தார்.

ரீமிக்ஸ் என்றாலே திருட்டு என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். 2021இல் வந்த ‘என்ஜாய் எஞ்சாமி’யை எடுத்துக்கொள்ளுங்கள். அறிவு தன் பாட்டி வள்ளியம்மாளின் தேயிலைத் தோட்டக் கதையை எடுத்தார். எடுத்த இடத்திலேயே அவள் பெயரைச் சொன்னார், அவளைக் காட்டினார். எடுப்பது இப்படி இருக்கலாம். ஆனால் அதே ஆண்டு ரோலிங் ஸ்டோன் இந்தியாவின் அட்டையில் பாடகி தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள், அறிவு இல்லை. பாட்டியின் பெயரைச் சொன்ன தலித் பேரனின் பெயர் உதிர்ந்ததும் சண்டை வந்தது, வந்ததே நல்லது. பெயர் உதிர்வது எப்போதும் கீழே இருப்பவரிடமிருந்துதான் தொடங்குகிறது. சாதியிலும் அப்படித்தான், பெண்களிடமும் அப்படித்தான்.

சட்டம் என்ன சொல்கிறது என்று ஒரு தோழி கேட்டாள். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் எழுத்தாளருக்கு அவர் ஆயுளும் அதன்பின் 60 ஆண்டும் தருகிறது. நிகழ்த்துகிறவருக்கு என்று தனி உரிமை 1994 திருத்தத்தில் வந்தது. அந்தக் கணக்கில் துட்டி வீட்டில் பாடிய அத்தைக்கும் ஓர் உரிமை இருக்கிறது. ஒப்பாரிக்காகக் கோர்ட்டுக்குப் போகிற எண்ணம் எனக்கு இல்லை. ஒப்பாரிக்குப் பட்டா போட்டு வேலி அடைப்பதும் வேண்டாம். நாளை வேறொருத்தி அந்தச் சேலையை எடுத்துப் பாடட்டும். யாரிடமிருந்து எடுத்தேன் என்று ஒரு வரி. அதைத்தான் கேட்டேன். இரண்டாம் பதிப்பில் பார்க்கலாம் என்றார்.

ஆண்டாள் சூடிய மாலை எச்சில் என்று அப்பா ஒதுக்கினார், பெருமாள் அதைத்தான் வேண்டும் என்றார் என்பது கதை. இன்றும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மாலை திருப்பதி பிரம்மோற்சவத்துக்குப் போகிறது, சித்திரைத் திருவிழாவில் மதுரைக்குக் கள்ளழகருக்குப் போகிறது. ஆண்டாள் சூடிக் களைந்த மாலை என்று சொல்லித்தான் கொடுக்கிறார்கள். பேர் தெரியாத ஏதோ ஒரு மாலையை வாங்கிக்கொள்ள அங்கே யாரும் காத்திருப்பதில்லை.

ஊருக்குப் போனபோது அந்தக் கவிதையை அத்தைக்குப் படித்துக் காட்டினேன். உளுந்து புடைத்துக்கொண்டே கேட்டாள். தன் பெயர் இல்லை என்பதை அவள் கண்டுகொள்ளவே இல்லை. முடிந்ததும் சுளகைக் கீழே வைத்தாள்.

“ஏட்டி, இது அந்த மில்லுக்காரிக்கு நான் வச்சதுல்லா. இத எதுக்கு அவன் ஆத்தாளுக்குப் போட்டிருக்கான்?”

“கவிதைக்காக, அத்தை.”

“அவ இன்னும் உசுரோடதான இருக்கா?”