மெழுகுவர்த்தியை ஊதினால் வரம் கிடைக்குமா?

தேனி, சின்னமனூர், கம்பம் முதலிய ஊர்களில் மாத்திரமல்லாமல், நம் பள்ளத்தாக்கின் சிறு கிராமங்களிலுங்கூட இப்போது பிள்ளைகளின் பிறந்த நாளென்றால் கேக் வாங்கி, அதன்மேல் மெழுகுவர்த்தி கொளுத்துகிறார்கள். பிறகு பிள்ளையைக் கண்ணை மூடச் சொல்லி, "மனதிற்குள் ஒன்று வேண்டிக்கொண்டு ஒரே மூச்சில் ஊது, வெளியே சொன்னால் பலிக்காது" என்கிறார்கள். கேக் தின்பதில் நமக்கு யாதொரு ஆட்சேபணையுமில்லை. ஜாதகம் பார்த்துக் கிரக சாந்தி செய்வதைவிட, நாலு பிள்ளைகள் கூடித் தித்திப்புத் தின்பது எவ்வளவோ மேலாகும். நாம் கேட்பதெல்லாம் அந்த வேண்டுதலைப் பற்றித்தான்.

நேற்றுவரை நம் பாட்டிமார்கள், விளக்கை வாயால் ஊதி அணைத்தால் குடும்பத்திற்கு ஆகாது என்றார்கள். இன்று அதே வீட்டில், ஊதி அணைத்தால் நினைத்தது நடக்கும் என்கிறார்கள். இரண்டும் எப்படி உண்மையாயிருக்க முடியும்? நெருப்புக்கு இரண்டுமே தெரியாது. காற்றுப் பட்டால் அணையும், அவ்வளவுதான். 1746லேயே ஜெர்மனியில் ஸின்ஸென்டார்ப் என்ற பிரபுவின் பிறந்த நாள் கேக்கில் வயதுக்கொன்றாக வர்த்தி வைத்ததாகக் குறிப்பு இருக்கிறது. மேல்நாட்டிலிருந்து வந்தது என்பதாலேயே ஒரு வழக்கம் பகுத்தறிவாகிவிடுமா? பழைய மூடநம்பிக்கை போன இடத்தில் அறிவு வந்து உட்கார வேண்டுமேயொழிய, புது மூடநம்பிக்கை குடிவரலாமா?

இதில் பெரிய தந்திரம், "வெளியே சொல்லாதே" என்பதுதான். பலித்தால் ஊதியதன் மகிமை. பலிக்காவிட்டால், "நீ எங்கேயோ வாய்விட்டிருப்பாய்" என்று பழி பிள்ளையின்மேல். ஆக, யாரும் கணக்குக் கேட்க முடியாது. குறி சொல்லுகிறவன் பிழைப்பும் இப்படித்தானே நடக்கிறது?

நிற்க, நம் பள்ளத்தாக்கே ஆண்டுதோறும் ஒரு பிறந்த நாளைக் கொண்டாடுகிறது. 1841 ஜனவரி 15இல் பிறந்த எஞ்சினியர் பென்னிகுயிக்குக்குப் பொங்கல் வைக்கிறோம். லோயர் கேம்ப்பில் 2013இல் மணிமண்டபமும் திறக்கப்பட்டது. மேற்கே போகும் பெரியாற்றுத் தண்ணீர் கிழக்கே வர வேண்டுமென்ற ஆசை எப்படிப் பலித்தது? யாராவது கண்ணை மூடி ஊதியதாலா? 1789இல் இராமநாதபுரம் பிரதானி முத்திருளப்ப பிள்ளை அதை வெளியே சொன்னார். செலவு தாளாதென்று விட்டார்கள். 1808இல் கேப்டன் கால்டுவெல் பார்த்துவிட்டு, நடவாத காரியம் என்றார். வெளியே சொன்னதனாலேயே பின்வந்தவர்கள் மறுபடி அளந்தார்கள், கணக்குப் போட்டார்கள், மலையைக் குடைந்தார்கள். 1887இல் தொடங்கிய வேலை 1895இல் முடிந்தது. நோயால் மட்டும் 483 பேர் மாண்டதாக அரசாங்கக் கணக்கு சொல்லுகிறது. அவர்கள் உழைப்பைச் சொல்லாமல், எஞ்சினியர் படத்துக்குக் கற்பூரம் மாத்திரம் காட்டுவது நன்றியாகாது.

இப்போது அந்தக் கேக்குக்கு முன்னால் நிற்கும் பதினாறு வயதுப் பெண்ணை நினைத்துப் பாருங்கள். "மேலே படிக்க வேண்டும்" என்பது அவள் ஆசை. அடுத்த அறையில் மாமன் மகனுக்குப் பேச்சு நடக்கிறது. அவளிடம், "நினைத்ததைச் சொல்லாதே" என்பது எவ்வளவு பெரிய கொடுமை! பெண்ணுக்கு 18 வயது முடியாமல் கலியாணம் செய்வது 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். 1098 என்ற எண்ணுக்குப் பேசினால் உதவி உண்டு. ஆனால் அதற்கும் வாய்திறந்து சொல்ல வேண்டுமல்லவா?

ஆகவே தோழர்களே, கேக் வெட்டுங்கள், பாடுங்கள். ஆனால் பிள்ளையைக் கண்ணைத் திறக்கச் சொல்லி, "உனக்கு என்ன வேண்டும்? எல்லோரும் கேட்கச் சொல்" என்று கேளுங்கள். அதற்கு எவ்வளவு செலவு, யார் உதவி தேவை, நாளைக்கே எதைத் தொடங்கலாம் என்று அங்கேயே பேசுங்கள். முடியாததென்றால் ஏன் முடியாதென்று பிள்ளைக்கு விளக்குங்கள். அதுவே பெற்றோர் கொடுக்கக்கூடிய உண்மையான வரம் என்பது நமது அபிப்பிராயம்.