வருகைப் பதிவேட்டில் தேடாதீர்கள்

‘மாதவிலக்கு வந்தால் ஏழை நாட்டுப் பெண் பிள்ளைகள் மாதம் நாலைந்து நாள் பள்ளிக்கு மட்டம் போடுகிறார்கள். துவைத்துப் பயன்படுத்தும் பேடோ, உள்ளே வைக்கும் மாதவிலக்கு கப்போ கொடுத்தால் ஒழுங்காக வந்துவிடுவார்கள்.’ நன்கொடை கேட்டு வரும் துண்டறிக்கைகளில் தவறாமல் இருக்கும் வாசகம் இது. நோக்கம் நல்லதுதான், கணக்குதான் இடிக்கிறது.

முதலில் அந்த நாலைந்து நாள். நேபாளத்தின் சித்வன் மாவட்டத்தில் நான்கு பள்ளிகளில் 198 மாணவிகளிடம் எமிலி ஆஸ்டர், ரெபெக்கா தார்ன்டன் என்ற இரு பொருளியலாளர்கள் ஆய்வு நடத்தினார்கள். குலுக்கல் முறையில் ஒரு பகுதியினருக்கு மட்டும் மாதவிலக்கு கப் கொடுத்தார்கள். 2011-ல் வெளியான முடிவு இது: 180 நாள் பள்ளி ஆண்டில் மாதவிலக்கால் ஒரு மாணவி இழப்பது 0.4 நாள். வருடத்துக்கு அரை நாள்கூட இல்லை! கப் வாங்கியவர்களின் வருகையும் கூடவில்லை. லீவுக்கு அதிகம் சொல்லப்பட்ட காரணம் வயிற்று வலி. அதற்குக் கப் என்ன செய்யும்?

‘உகாண்டாவில் பலன் கிடைத்ததே’ என்பார்கள். உண்மைதான். கமுலி மாவட்டத்தில் எட்டுப் பள்ளிகளில் நடந்த ஆய்வில், எதுவும் தராத பள்ளிகளோடு ஒப்பிட்டால் வருகையில் 17 சதவீதம் வித்தியாசம் தெரிந்தது. ஆனால் துவைக்கும் பேட் தந்த பள்ளிகள், பருவ வயதுப் பாடம் மட்டும் நடத்திய பள்ளிகள், இரண்டும் செய்தவை எல்லாவற்றையும் சேர்த்து வந்த எண் அது. போதாக்குறைக்கு, ஆய்வு முடிவதற்குள் சுமார் 40 சதவீத மாணவிகள் படிப்பை நிறுத்தியோ பள்ளி மாறியோ போய்விட்டார்கள். இதை வைத்துப் பேடுக்கு மாலை போட முடியாது.

‘அப்படியானால் கொடுப்பதே வீண்’ என்று உடனே அடுத்த கட்சி எழும். அதுவும் தவறு. சித்வனில் கப் பயன்படுத்திய மாணவிகளுக்குத் துணி துவைக்கும் வேலை மாதவிலக்கு நாள்களில் தினமும் 20 நிமிடம் போலக் குறைந்தது. கறை போகக் கசக்கி, யார் கண்ணிலும் படாமல் வேறு துணிக்கு அடியில் போட்டு, ஈரம் காயாமலே மறுபடி எடுத்து வைத்தவளுக்குத்தான் அந்த 20 நிமிடத்தின் அருமை தெரியும். பதிவேட்டில் அதற்குக் கட்டம் கிடையாது, அவ்வளவுதான்.

‘கிராமத்துப் பெண்கள் உள்ளே வைக்கும் பொருளைத் தொடவே மாட்டார்கள்’ என்பது பட்டணத்து அனுமானம். ஆரம்பத்தில் தயங்கிய மாணவிகள், தோழிகளிடமும் கப் இருந்தபோது வேகமாகப் பழகிக்கொண்டதை அதே சித்வனில் பதிவு செய்திருக்கிறார்கள்.

கசிவு பயமா, கிருமி பயமா? 2019-ல் ‘லான்செட் பப்ளிக் ஹெல்த்’ இதழில் வந்த தொகுப்பாய்வு, கப்பில் கசிவு மற்றவற்றை ஒத்தோ, குறைவாகவோதான் இருப்பதாகச் சொன்னது. பாதுகாப்பானது என்றும் கண்டது. மாதம் ஒருமுறை கொதிக்கும் நீரில் போட்டு எடுத்தால் சுத்தம். துணிப் பேடுக்குத்தான் வெயில் வேண்டும். அதை ஒளித்துக் காயவைக்கச் சொல்லும் வீட்டை விட்டுவிட்டுத் துணியைத் திட்டுகிறோம்.

பள்ளிக்கு வர வைப்பதுதான் குறி என்றால், கப் பெட்டியோடு வலி மாத்திரையும் கொடுத்து, கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாளும் போட்டுப் பாருங்கள்.