மொட்டை மரத்தைத் தறிக்கலாமா?

பேராதனைத் தாவரவியல் பூங்காவின் 147 ஏக்கரில், மாசி பங்குனி மாதங்களில் நான் தேடிப் பார்ப்பது மொட்டை மரங்களைத்தான். தபெபூயா இலையெல்லாம் கொட்டிவிட்டு, வெறுங்கொப்பில் இளஞ்சிவப்பாகப் பூத்துச் சொரியும். கொன்றையும் அப்படியே. கோடையில் இலையுதிர்த்துவிட்டு, சித்திரை வைகாசியில் மஞ்சட் சரங்களைத் தொங்கவிடும்.

எங்கள் மாதர் குழுவில் ஓர் அக்கா, முற்றத்துச் சருகு கூட்டிக் களைத்துப்போய், "கொன்றை பட்டுப்போச்சு, விறகுக்குத் தறிக்கப் போறன்" என்றார். கொப்பின் பட்டையை நகத்தால் சுரண்டிப் பார்க்கச் சொன்னேன். உள்ளே பச்சை!

சகோதரிகளே, கொன்றையின் கொப்புகளைப் பூத்து முடிந்த பின்னரே வெட்டுங்கள். முன்னரே வெட்டினால் அவ்வருடப் பூ குறையும். செவ்வரத்தை வேறு விதம். அது புதுக்கொப்பில் பூப்பது. வெட்ட வெட்டத் துளிர்க்கும். கூட்டிய சருகையும் எரிக்காதீர்கள். மரத்தைச் சுற்றிப் பரப்பிவிட்டால் வெயிலிலும் மண் ஈரம் காயாது. அடிமரத்தோடு மட்டும் குவிக்க வேண்டாம், பட்டை அழுகும்.