வரிக் கணக்கும் வாய்மையும்

 

ரமலான் பிறந்துவிட்டால் நகையை நிறுத்து, ரொக்கத்தை எண்ணி, வரவேண்டிய கடனையும் கூட்டி ஸகாத்தைக் கணக்கிடுகிறோம். வருமான வரிக் கணக்கு என்றாலோ அதே கரங்கள் தயங்குகின்றன. “வரியைக் குறைத்துக்கொள்வது மார்க்கத்தில் கூடுமா?” என்னும் வினா சின்னசேலம் போன்ற பேரூர்களின் கடைவீதிகளிலும் ஆசிரியர் இல்லங்களிலும் எழத்தான் செய்கிறது. சட்டம் தந்த சலுகையைப் பெறுவது நமது உரிமை. இல்லாத செலவை இருப்பதாக எழுதுவது பொய். இவ்விரண்டையும் பிரித்தறிந்தால் குழப்பம் தீரும்.

முதலில் ஏடுகளை ஒழுங்கு செய்யுங்கள். திருமறையின் மிக நீண்ட வசனம் கடனை எழுதிவைப்பது பற்றியதன்றோ! ஊதியம் பெறுவோர் நிறுவனத்திடமிருந்து படிவம் 16ஐயும், அனைவரும் வங்கிக் கணக்கு விவரத்தையும் பெற்றுக்கொள்ளுங்கள். வருமான வரித் துறையின் இணையதளத்தில் உங்கள் பெயரிலுள்ள ஆண்டுத் தகவல் அறிக்கையோடு அவற்றை ஒப்பிட்டுப் பாருங்கள். வங்கி தந்த வட்டியை நன்மை நாடாமல் ஏழைகளுக்குக் கொடுத்து விலக்கிவிட்டாலும், வரிக் கணக்கில் அதைக் காட்டியே ஆகவேண்டும்.

அடுத்து, எம்முறையில் வரி செலுத்துவது என்பதைத் தீர்மானிக்க வேண்டும். 2025-26 நிதியாண்டுக்குப் புதிய முறையில் 12 இலட்சம் ரூபாய் வரையிலான வருமானத்திற்கு வரி இல்லை. ஊதியம் பெறுவோருக்கு 75,000 ரூபாய் நிலைக்கழிவும் உண்டாதலால் 12,75,000 வரை வரி இராது. நிலம், வீடு விற்ற ஆதாயம் போன்றவற்றுக்குத் தனிக் கணக்கு உண்டு. ஒன்றை மறந்துவிடலாகாது: வரி இல்லை என்றாலும், வருமானம் 4 இலட்சத்தைக் கடந்தால் கணக்குத் தாக்கல் செய்வது கடமை.

இதில் நமக்கொரு நிம்மதியும் இருக்கிறது. மார்ச் மாதம் வந்தால் வரிக்குப் பயந்து, மனம் ஒப்பாத வட்டிப் பத்திரத்திலும் காப்பீட்டிலும் பணத்தைப் போட்டவர் எத்தனை பேர்! மேற்கண்ட வரம்புக்குள் இருப்போருக்கு அந்த நிர்ப்பந்தம் இல்லை. வருமானம் மிகுந்தவர்கள் பழைய முறையையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். அதில் ஒன்றரை இலட்சம் வரையிலான கழிவில் இரு பிள்ளைகளின் பள்ளிக் கற்பிப்புக் கட்டணமும் அடங்கும்.

சிறு வணிகருக்கும் எளிய வழியுண்டு. ஆண்டு விற்பனை 2 கோடிக்கு மேற்படாதவர், விற்பனையில் 8 விழுக்காட்டையும், வங்கி வழி வந்த தொகையில் 6 விழுக்காட்டையும் இலாபமாகக் காட்டலாம். உண்மை இலாபம் அதனினும் கூடுதலாயின் அதையே காட்டுவதுதான் நேர்மை.

ஸகாத்தை வரியில் கழிக்கலாமா என்று கேட்பாரும் உளர். ஏழையின் கையில் நேரே தந்த ஸகாத்துக்கு வரிக் கழிவு கிடையாது. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 80ஜி பிரிவு, துறையின் அங்கீகாரம் பெற்ற அறநிலையங்களுக்குரியது. ஒரு குறிப்பிட்ட சமயத்தாருக்கென்றே அமைந்த அறக்கட்டளைக்குப் பொதுவாக அது பொருந்தாது. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்ததும் கழிவில் சேராது. புதிய முறையிலோ இக்கழிவே இல்லை. வரி செலுத்தினோம் என்பதால் ஸகாத் நீங்கிவிடுவதுமில்லை. ஸகாத் ஓர் இபாதத். வரியோ நாம் நடக்கும் சாலைக்கும், நம் பிள்ளைகள் பயிலும் அரசுப் பள்ளிக்குமான பங்கு.

இப்போது எச்சரிக்கைக்கு வருகிறேன். தரகர்கள் சிலர், “தொகையில் பங்கு தாருங்கள், பிடித்த வரியைத் திரும்ப வாங்கித் தருகிறோம்” என்று அலைகின்றனர். கொடுக்காத நன்கொடைக்கும், குடியிராத வீட்டின் வாடகைக்கும் கணக்கு எழுதுகின்றனர். 2025 ஜூலை 14 அன்று இத்தகைய பொய்க் கழிவுகளைக் குறித்து வருமான வரித் துறை நாடெங்கும் 150 இடங்களில் சோதனை நடத்தியது. தமிழ்நாடும் அதில் அடங்கும். அதற்கு முந்தைய 4 மாதங்களில் மட்டும் சுமார் 40,000 பேர் 1,045 கோடி ரூபாய் அளவிலான பொய்க் கழிவுகளைத் தாமே திரும்பப் பெற்றனர் எனத் துறை அறிவித்தது. தரகர் எழுதினாலும் கணக்கு உங்கள் பெயரில்தான். பொய் வெளிப்பட்டால் தவிர்த்த வரியைப் போல் இருமடங்கு அபராதமும் உங்கள் மீதுதான். சட்டத்தின் கண்ணுக்குத் தப்பினாலும், அந்தப் பணத்தில் வாங்கிய அரிசி ஹலாலாகுமா?

தவறியவர்க்குக் கதவு அடைபடவில்லை. திருத்திய கணக்கைக் கூடுதல் வரியுடன் செலுத்தும் கால அவகாசத்தை 2025ஆம் ஆண்டு நிதிச் சட்டம் 24 மாதங்களிலிருந்து 48 மாதங்களாக நீட்டியது. நாள் செல்லச் செல்லக் கூடுதல் வரி ஏறும். பிறர் உரிமையைத் திருப்பிக் கொடுக்காமல் தவ்பா நிறைவடையாது என்பதை அறிந்த நாம் தாமதிக்கலாமா?

கொடுக்கவேண்டியதைக் குறைவின்றிக் கொடுக்கவும், உரிமையுள்ளதை மட்டும் கேட்டுப் பெறவும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.