ஒன்றுக்குப் பத்து: காகிதத்திலா, தரையிலா?

புதுக் கட்டடம் எழும்பும் இடமெல்லாம் பழைய மரங்கள் விழுகின்றன. "கவலை வேண்டாம், ஒன்றுக்குப் பத்து நடுவோம்" என்று மனை வியாபாரிகளும் அதிகாரிகளும் சமாதானம் சொல்லுகிறார்கள். நடப்பது என்ன?

டில்லியைப் பாருங்கள். அங்கே 1994-ஆம் ஆண்டிலேயே மரப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. அனுமதியின்றி மரம் வெட்டக் கூடாது. வெட்டினால் ஒன்றுக்குப் பத்துக் கன்று நட வேண்டும். முன்பணமும் கட்ட வேண்டும். இருந்தும் 2018-இல் தெற்கு டில்லியில் சர்க்கார் ஊழியர் குடியிருப்புகளை இடித்துக் கட்டுவதற்காக ஆயிரக்கணக்கான மரங்களை வெட்ட ஏற்பாடாயிற்று. மக்கள் மரங்களைக் கட்டியணைத்து நின்றார்கள். ஐகோர்ட் தலையிட்டு வெட்டுவதை நிறுத்தியது.

2020-இல் டில்லி சர்க்கார் வேறு வழி கண்டது. பாதிக்கப்படும் மரங்களில் நூற்றுக்கு 80-ஐ வேரோடு பெயர்த்து வேறிடத்தில் நட வேண்டும். நட்டவற்றில் நூற்றுக்கு 80 பிழைக்க வேண்டும் என்றது. விளைவு? 2022-இல் ஐகோர்ட்டில் அந்தச் சர்க்காரே கொடுத்த கணக்குப்படி, மூன்றாண்டுகளில் பெயர்த்து நட்ட 16,461 மரங்களில் உயிரோடிருந்தவை 5,487. மூன்றில் ஒன்று!

சட்டம் இருந்தது, விதி இருந்தது, மரம் இல்லை. ஏன்? நட்டதைக் கணக்கெழுதினார்கள், நிற்பதைக் கணக்கெடுக்க ஆளில்லை. இதுதான் பிரச்னையின் ஆணிவேர்.

ஐம்பது ஆண்டு நின்ற வேம்புக்குப் பத்துக் குச்சிகள் ஈடாகுமா? அந்த நிழலில் தள்ளுவண்டிக்காரர் வியாபாரம் செய்தார். சித்தாள் பிள்ளைக்குத் தூளி கட்டினாள். மில் தொழிலாளி ஷிப்டு முடிந்து பஸ்ஸுக்கு நின்றார். குளிர்சாதன அறையில் இருப்பவருக்கு மரம் அழகு. வெயிலில் உழைப்பவருக்கு அது கூரை.

கன்றுகளை எங்கே நடுகிறார்கள் என்பதும் முக்கியம். நகரத்தில் வெட்டிவிட்டு, எங்கோ ஒரு கிராமத்து மேய்ச்சல் புறம்போக்கில் வேலி போட்டு நட்டால், நகரத் தொழிலாளி நிழலை இழக்கிறார், விவசாயத் தொழிலாளி ஆடு மேய்க்கும் நிலத்தை இழக்கிறார். ஒரே வெட்டில் இருவருக்கும் நஷ்டம்!

நம் ராஜ்யத்து விதிகளிலும் ஓட்டை உண்டு. 2019-ஆம் ஆண்டின் கட்டட விதிகள், 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் நூற்றுக்குப் பத்துப் பங்கைத் திறந்தவெளியாக ஒதுக்கச் சொல்லுகின்றன. ஆனால் 10,000 சதுர மீட்டர் வரை, இடம் விட இயலாவிட்டால் அதன் மதிப்பைப் பணமாகக் கட்டிவிடலாம். பணம் கஜானாவுக்குப் போகும். பணத்தின் நிழலில் யார் உட்கார முடியும்?

வீடு வேண்டாம், தொழிற்சாலை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. விதி எழுதுவோர் நான்கு விஷயங்களை எழுதட்டும் என்கிறோம். முதலாவது, முன்பணம் கன்று நட்ட அன்றல்ல, ஐந்தாண்டு கழித்து மரம் நின்றால் மட்டுமே திரும்பக் கிடைக்க வேண்டும். இரண்டாவது, வெட்டிய மரத்தின் வயதுக்கு ஏற்ப ஈடு வேண்டும். மகாராஷ்டிரம் 2021-இல் பழமையான மரங்களுக்கு, எத்தனை வயதோ அத்தனை கன்று என்று சட்டத்தைத் திருத்தியது. மூன்றாவது, ஈட்டு மரங்கள் அதே வார்டில், அதே தெருவில் நிற்க வேண்டும். தண்ணீர் குடிக்கும் அலங்காரப் புல்தரையல்ல, வேம்பும் புங்கனும் பூவரசும் வேண்டும். நான்காவது, தண்ணீர் ஊற்றிக் காப்பவருக்கு முறையான கூலி வேண்டும். துப்புரவுத் தொழிலாளியின் தலையில் இதையும் இலவசமாக ஏற்றக் கூடாது.

வெட்டப்போகும் மரங்களின் பட்டியல், அனுமதி தருமுன் தமிழில் ஊராட்சி, நகராட்சி அலுவலக வாசலில் ஒட்டப்பட வேண்டும். கிராம சபையில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவருவது நம் கையில் இருக்கிறது. நகரத்தில் சங்கங்கள் வார்டு தோறும் மரங்களை எண்ணி எழுதி வைக்கட்டும். வரைவு விதி வெளியாகும்போது ஆட்சேபணை மனுக்கள் குவியட்டும்.

மரம் விழுந்த பின் அழுது பயனில்லை. விதி எழுதப்படும்போதே பேச வேண்டும்.